உயிரைப் பாடுவோர் உயிரணுவை அறியாதிருக்கலாமா?

அண்மையில் மாவட்டத் தலைநகர் ஒன்றில் நிகழ்ந்த நூல் வெளியீட்டு விழாவில் இரண்டு உரைகளைக் கேட்க நேர்ந்தது. முதலில் பேசிய தமிழறிஞர், மேலைநாட்டார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கண்ட செல்லை நம் சித்தர்கள் என்றோ கண்டு பாடிவிட்டனர் என்றார். அடுத்துப் பேசிய கவிஞரோ, செல்லும் ஜீனும் ஆய்வுக்கூடத்துச் சரக்கு, இலக்கியவாதிக்கு அனுபவம் போதும், அறிவியல் வேண்டா என்றார். இருவருக்கும் கிடைத்த கைதட்டல் ஒரே அளவானது. தட்டியவையும் ஒரே கைகள். அக்கைகளுள் நம் கைகளும் இருந்தன என்பதை ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஒருவர் எல்லாம் நம்மிடம் இருந்தது என்கிறார். மற்றவர் எதுவும் நமக்கு வேண்டா என்கிறார். எதிரெதிர்க் கட்சிகள் போலத் தோன்றினும் இரண்டும் கொண்டுசேர்க்கும் இடம் ஒன்றுதான். உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை என்னும் நிம்மதியே அது. தமிழ் இலக்கியம் கற்றவர்கள் நெடுங்காலமாக இந்த நிம்மதியில் உறங்கிவருகிறோம். அந்த உறக்கத்தின் விலை என்ன என்பதே இங்கு நம் கேள்வி.

முதற்கட்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுத்தது உண்மை; வியந்து போற்றத்தக்க உண்மை. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என உயிர்வரிசையில் வைத்த அப்பகுப்பு, கூர்ந்து நோக்கிய கண்களின் விளைவு. ஆனால் அது கண்ணுக்குப் புலப்பட்டதைப் பகுத்த பகுப்பு. கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே நம் விழி எதையும் தனித்துக் காணாது. நம் உடலின் செல்களில் மிகப் பெரும்பாலானவை அதனினும் ஐந்தில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு அளவினவை. அவற்றைக் காண வில்லை வேண்டும். அந்த வில்லையைத் தேய்த்தவர்கள் வேறு சிலர்.

1665இல் இராபர்ட் ஹூக் தக்கையை மெல்லிதாகச் சீவி நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். தேனடைபோல் அடுக்கடுக்காக வெற்றறைகள் தெரிந்தன. ஒரு கன அங்குலத் தக்கையில் நூறு கோடிக்கும் மேற்பட்ட அறைகள் இருக்கும் என்று கணக்கிட்டார். அவர் கண்டவை உயிருள்ள செல்கள் அல்ல. உயிர் வெளியேறிய பின் எஞ்சிநின்ற சுவர்கள். உயிருடன் நீந்தும் நுண்ணுயிர்களை 1670களில் கண்டவர் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹுக். பின்னர் 1838இல் ஷ்லைடன் தாவரங்களுக்கும், 1839இல் ஷ்வான் விலங்குகளுக்கும் செல்லே அடிப்படை என நிறுவினர். செல் செல்லிலிருந்தே பிறக்கும் என்பதை 1850களில் விர்க்கோ வலியுறுத்தினார். ஏறத்தாழ இருநூறு ஆண்டு உழைப்பு இது. ஒரு சித்தர் பாடலின் ஈரடியைப் பிடித்து இழுத்து இவ்வுழைப்பின்மேல் போர்த்துவது சித்தருக்குப் பெருமையன்று. அவர் உடம்பைப் பற்றிக் கேட்ட கேள்வி வேறு. அக்கேள்வியைப் பிடுங்கிக்கொண்டு, அவர் கேட்காத கேள்விக்கு விடை சொன்னதாக அவர் பெயரில் கையெழுத்திடுகிறோம். பாடபேதம் பார்க்கப் பயின்ற நாம் செய்யத்தக்க செயலா இது?

இரண்டாம் கட்சி இதனினும் கேடானது. அது பணிவுபோல் வேடமிட்டு வருகிறது. அறிவியல் நமக்கு வேண்டா என்பவரின் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். நம் வீட்டுப் பெட்டியையே திறப்போமே. கீழ்த்தட்டில் இட்லி மாவு, நடுத்தட்டில் தயிர், கதவின் பக்கத்தட்டில் அம்மாவின் இன்சுலின் குப்பி. மூன்றும் நுண்ணுயிர்ச் செல்களின் உழைப்பு. உளுந்தோடு ஒட்டிவரும் லியூகோனோஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் இரவெல்லாம் சர்க்கரையைச் சிதைத்துக் கரியமில வாயுவையும் அமிலத்தையும் வெளியிடுவதால் மாவு பொங்குகிறது. பாலில் உள்ள சர்க்கரையை லாக்டோபேசில்லஸ் போன்றவை லாக்டிக் அமிலமாக்குவதால் பாலின் புரதம் திரண்டு தயிராகிறது. உறைமோர் என்று பாட்டி எடுத்துவைத்த அரைக்கரண்டி, ஒரு செல் கூட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்த செயல். உயிரித்தொழில்நுட்பம் என்னும் சொல் புதிது. நம் அடுக்களைக்கு அச்செயல் புதிதன்று. துணி துவைக்கும் தூளில் கறையைக் கரைக்கும் நொதியும் பாக்டீரியாவிடமிருந்து பெறப்படுவதே.

இன்சுலினைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். இக்கட்டுரைக்கு அதுவே காரணம். நாம் பணியாற்றும் கல்லூரியில் முதுகலைத் தமிழ் பயிலும் மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் தயங்கி நின்றாள். “ஐயா, இன்சுலின் பன்றியிலிருந்து எடுப்பதாமே? அது தெரிந்ததிலிருந்து எங்கள் பாட்டி ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். நாலு நாளாகிறது” என்றாள். இருபதாண்டுகளாகச் சொல் சொல்லாக உரை சொல்லிப் பழகிய நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. “மருத்துவரைக் கேளம்மா” என்றோம். அவள் முகத்தில் தெரிந்த ஏமாற்றம் இன்னும் நம்மைவிட்டு அகலவில்லை.

பக்கத்து அறையிலிருந்த தாவரவியல் பேராசிரியரிடம் அவளை அழைத்துச் சென்றோம். அவர் பத்து நிமிடம் பேசினார். ஒரு காலத்தில் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்துதான் இன்சுலினைப் பிரித்தார்கள். பாட்டி கேள்விப்பட்டது பொய்யன்று, பழைய செய்தி. 1978இல் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை என்னும் பாக்டீரியாவுக்குள் வைத்து, அதனைக்கொண்டே இன்சுலினைச் செய்வித்தார்கள். 1982இல் அமெரிக்காவில் அது மருந்தாக ஒப்புதல் பெற்றது. பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2004இல் ஈஸ்ட் செல்களைக் கொண்டு செய்த இன்சுலினை விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்று மருந்துக்கடையில் நாம் வாங்குவது ஏறத்தாழ முழுவதும் இவ்வகையே. “ஈஸ்ட் என்றால் ரொட்டி பொங்க வைப்பதுதானம்மா. பாட்டியிடம் அதைச் சொல்” என்று முடித்தார். அவர் பேசியது நல்ல தமிழ். பேருரை எதுவும் ஆற்றாத தமிழ். அதை நாம் பேசியிருக்க வேண்டும்.

பாட்டி அன்றிரவே ஊசி போட்டுக்கொண்டாரா என்று கேட்பவர்களுக்கு: இரண்டு நாள் கழித்துப் போட்டுக்கொண்டாராம். அந்த இரண்டு நாளும், அதற்கு முந்தைய நான்கு நாளும் யார் கணக்கில் எழுதப்பட வேண்டியவை? தமிழில் இச்செய்தி வீடுவரை வந்து சேராமைக்கு மருத்துவர் மட்டுமா பொறுப்பு? மொழியைக் கையாள்வதே தொழிலாகக் கொண்ட நமக்குப் பங்கில்லையா?

இனி நம் படைப்புகளுக்கு வருவோம். தற்காலக் கவிதைகளில் “ஒவ்வொரு செல்லிலும்” என்னும் தொடர் எத்தனை முறை வருகிறது என்று யாரேனும் எண்ணலாம். உடலின் ஒவ்வொரு செல்லிலும் முன்னோரின் எழுத்து பதிந்திருக்கிறது, ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் அவள் பெயர் இருக்கிறது என்ற வகையில் நாம் எழுதிக் குவித்திருக்கிறோம். மனிதரின் முதிர்ந்த இரத்தச் சிவப்பணுவில் உட்கருவே கிடையாது. ஆக்சிஜனைச் சுமக்க இடம் வேண்டி அது தன் உட்கருவை வெளியேற்றிவிட்டுத்தான் இரத்த ஓட்டத்தில் இறங்குகிறது. 2016இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி நம் உடலிலுள்ள ஏறத்தாழ 30 இலட்சம் கோடிச் செல்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இச்சிவப்பணுக்களே. ஆக, எண்ணிக்கையில் பார்த்தால் நம் செல்களில் பெரும்பான்மையில் முன்னோரின் எழுத்து ஓரெழுத்தும் இல்லை. கவிதைக்குப் பொய்யழகு என்று நழுவ வேண்டா. அறிந்து சொல்லும் பொய் அழகாகலாம். அறியாமல் உளறுவதற்கு அப்பெயர் பொருந்தாது. தன் சுமைக்காகத் தன் எழுத்தையே துறந்து, நூற்றிருபது நாள் ஓடி மடியும் ஒரு செல்லைக் கவிஞன் அறிந்திருந்தால் அவன் எழுதும் கவிதையும் வேறாகியிருக்குமே!

மைட்டோகாண்டிரியாவை எடுத்துக்கொள்வோம். “செல்லின் ஆற்றல் நிலையம்” என்று பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து, இரண்டு மதிப்பெண் வாங்கி, மறந்தும் போனோம். அது ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா. வேறொரு செல்லுக்குள் புகுந்து, அங்கேயே தங்கி, அச்செல்லின் உறுப்பாகிவிட்டது. இன்றும் தனக்கெனச் சிறிது டி.என்.ஏ. வைத்திருக்கிறது. அது நமக்குத் தாய்வழியே வந்துசேர்கிறது. இக்கருத்தை வலியுறுத்தி லின் மார்குலிஸ் எழுதிய கட்டுரையைப் பல இதழ்கள் திருப்பி அனுப்பின; 1967இல்தான் அது அச்சேறியது. படைப்பு திரும்பி வருவதன் வலியைச் சிற்றிதழ்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விருந்தாக வந்ததோ இரையாக வந்ததோ, உள்ளே வந்தது உறவாகிவிட்ட இக்கதையைவிடப் பெரிய கதை எதனை நாம் இதுவரை சொல்லிவிட்டோம்?

படைப்புப் பிழை படைப்போடு போகும். பொதுவாழ்வில் செய்யும் பிழை அப்படிப் போகாது. பி.டி. கத்திரிக்காய் விவாதத்தை நினைவுகூர்வோம். 2009 அக்டோபரில் நடுவண் அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அதற்கு இசைவளித்தது. எதிர்ப்பு எழுந்தது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுமக்கள் கருத்தைக் கேட்டார். அவற்றுள் தமிழகத்து நகரம் ஒன்றுமில்லை. 2010 பிப்ரவரியில் அவர் அப்பயிரை நிறுத்திவைத்தார். அம்மாதங்களில் நம் இலக்கிய மேடைகளில் ஒலித்தவை என்ன? தேளின் ஜீனைக் கத்திரிக்காயில் வைத்துவிட்டார்கள் என்றார் ஒருவர். தின்றால் நம் பிள்ளைகளும் பூச்சியாவார்கள் என்றார் மற்றொருவர். நாமும் தலையசைத்துக் கேட்டிருந்தோம்.

உண்மையில் அதில் வைக்கப்பட்டது மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியாவின் மரபணு. அது செய்யும் புரதம், காய்த்துளைப்பான் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் தூண்டப்பட்டு, குடற்செல்களின் சவ்வில் ஓட்டையிட்டுப் புழுவைக் கொல்கிறது. நம் இரைப்பை அமிலத்தன்மையுடையது. அப்புரதம் பற்றிக்கொள்ளும் பிடிப்பிடங்களும் நம் குடற்செல்களில் இல்லை. இதனைச் சொல்வதால் நாம் விதை நிறுவனங்களின் தரகர் ஆகிவிட மாட்டோம். அப்பயிரை எதிர்க்க வலுவான காரணங்கள் இருந்தன, இருக்கின்றன. விதை யாருக்கு உரியது? சோதனைகளை விற்பவரே செய்து விற்பவரே முடிவு சொல்லலாமா? எத்தனையோ வகைக் கத்திரிகள் விளையும் நாட்டில் அவ்வகைகளின் கதி என்ன? பூச்சி பழகிக்கொண்டால் உழவர் என்ன செய்வார்? இவற்றுள் கடைசிக் கேள்வி கற்பனையன்று. 2002இல் இசைவு பெற்ற பி.டி. பருத்தி இன்று இந்தியப் பருத்திப் பரப்பில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் விளைகிறது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ அதன் நஞ்சுக்குப் பழகிவிட்டது. இக்கேள்விகளைத் தமிழில் தெளிவாகக் கேட்டவர்கள் சிலரே. தேள் கதையின் இரைச்சலில் அவர்கள் குரல் அமிழ்ந்தது. பொய்யான காரணம் சொல்லி எதிர்ப்பவன், எதிராளிக்கு எளிய வெற்றியைக் கையில் கொடுக்கிறான்.

இன்று நிலைமை இன்னும் நுட்பமாகிவிட்டது. 2020இல் நோபல் பரிசு பெற்ற கிரிஸ்பர் முறை, வேற்றுயிரின் மரபணு எதனையும் கடைசிவரை உள்ளே விட்டுவைக்காமல், இருக்கும் எழுத்தையே திருத்தவல்லது. அவ்வகைப் பயிர்கள் சிலவற்றுக்கு இந்திய அரசு 2022இல் பழைய கட்டுப்பாடுகளிலிருந்து விலக்களித்தது. 2025 மே மாதம் மரபணு திருத்தப்பட்ட இரண்டு நெல் வகைகளை அறிவித்தது. அவற்றுள் ஒன்று சம்பா மசூரியிலிருந்து உருவாக்கப்பட்டது. “அயல் ஜீன்” என்னும் பழைய முழக்கம் இங்குச் செல்லாது. வேண்டுமென்போரும் வேண்டாவென்போரும் புதிதாகப் படித்தாக வேண்டும். சோறு நம் தட்டில் வந்து விழுந்த பின் படிக்கலாம் என்று இருந்துவிடுவோமா?

இவ்விடத்தில் நம் துறையினர் எழுந்து, முதலில் சொல்லைச் சீர்செய்வோம் என்பார்கள். செல் என்பதா, உயிரணு என்பதா, கலம் என்பதா? நல்ல கேள்விதான். தமிழ்நாட்டுப் பாடநூல் செல் என்கிறது. ஈழத்துப் பாடநூல் கலம் என்கிறது. மைட்டோகாண்டிரியாவுக்கு அவர்கள் சொல் இழைமணி. கிரேக்க மூலத்தின் பொருளும் அதுவே. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்து நூல்களை ஆக்குவித்த சாமுவேல் கிறீன் காலத்திலிருந்து அங்கு அத்தகைய மரபு ஒன்று உண்டு. உயிரணு என்னும் நம் சொல்லோ ஆண்மைக்குறைவு மருத்துவ விளம்பரங்களில் வேறு பொருளில் தொங்குகிறது; அணு என்றால் வேதியியலில் வேறு. கலம் என்பதில் பாத்திரமும் உண்டு, மரக்கலமும் உண்டு. நீரைத் தாங்கி நீரில் மிதப்பதற்கு அச்சொல் எத்துணைப் பொருத்தம் என நமக்கும் ஆசை எழுகிறது. ஆயினும் இச்சொற்போரை நாற்பதாண்டுகளாக நடத்துவோர், அச்சொல் குறிக்கும் பொருளை ஒருமுறையேனும் நுண்ணோக்கியில் கண்டதுண்டா? பொருளைக் காணாமல் பெயருக்குப் போரிடுவது, குழந்தை பிறக்குமுன் பெயர்சூட்டு விழாவில் உறவினர் அடித்துக்கொள்வது போன்றது. தலைப்பில் நாம் உயிரணு என்று எழுதியதும் உயிர் என்னும் சொல்லின் ஓசைக்கு மயங்கித்தான். உள்ளே செல் என்றே எழுதுகிறோம். பொருள் விளங்கினால் சொல் தானே நிலைபெறும்.

நமக்குப் பெருமை மட்டும் வேண்டும் என்பதற்கு ஒரு சான்று போதும். 2009இல் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் வேதியியல் நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டபோது, சிதம்பரத்தில் பிறந்த தமிழர் என்று நாம் கொண்டாடினோம். மூன்று வயதில் அவ்வூரை விட்டுப் போனவர் அவர். இந்தியாவிலிருந்து குவிந்த மின்னஞ்சல்கள் தம் வேலையைக் கெடுப்பதாக அவர் சலித்துக்கொண்ட செய்தியும் வந்தது. நாம் அவரையே கோபித்துக்கொண்டோம். அவர் எதற்காகப் பரிசு பெற்றார் என்று எத்தனை பேர் கேட்டோம்? செல்லுக்குள் மரபணுவின் செய்தியைப் படித்துப் புரதத்தைக் கோக்கும் ரிபோசோமின் வடிவத்தை அணு அணுவாகக் கண்டறிந்ததற்காக. 2021இல் நம்மில் பலர் கோவிஷீல்டு தடுப்பூசி போட்டுக்கொண்டோம். அவ்வூசி தந்த செய்தியைப் படித்து, கொரோனாக் கிருமியின் முள் புரதத்தை நம் உடலுக்குள் செய்து காட்டியவை நம் ரிபோசோம்களே. அவர் ஆராய்ந்த பொருள் நம் தோளில் வேலை செய்துகொண்டிருந்தபோது நாம் அவருடைய ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டே 1950களில் கொல்லாஜன் புரதத்தின் மூவிழைப் பின்னலைக் கண்ட ஜி.என். இராமச்சந்திரனின் பெயர் நம் இலக்கிய மேடைகளில் ஒலித்ததாக நினைவில்லை.

தமிழில் எழுத ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. பெ.நா. அப்புஸ்வாமி வாழ்நாளெல்லாம் எழுதினார். கோவையிலிருந்து கலைக்கதிர் வந்தது. சுஜாதா வார இதழ் வாசகனுக்கு ‘ஏன் எதற்கு எப்படி’ என்று விடை சொன்னார். இவற்றை நாம் என்ன செய்தோம்? இலக்கியமல்ல என்று திண்ணையில் உட்காரவைத்தோம். உரைநடை வரலாற்றுத் தாளில் ஐந்து மதிப்பெண் வினாவாகக்கூட அப்புஸ்வாமியை வைக்க நமக்கு மனம் வரவில்லை. கடினமான பொருளைப் பிழையின்றி எளிய தமிழில் சொல்வது கலையன்று என்று நமக்கு யார் சொன்னார்கள்?

கவிதையைப் பாடநூலாக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பவர் உண்டு. இல்லை. குடற்செல்லை விருத்தத்தில் பாடுங்கள் என்று யாரையும் கேட்கவில்லை. நாம் கேட்பவை இரண்டே. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுத வேண்டா. தெரிந்துகொள்ளக் கூச வேண்டா. யாப்பைப் பிழையின்றிக் கற்க ஆண்டுகள் செலவிடுவோருக்கு, தம் உடம்பு எதனால் ஆனது என்று அறிய ஒரு மாலைப்பொழுதா இல்லாமற் போகும்?

அந்த மாலைப்பொழுதை நாமே தொடங்கிவிட்டோம். சென்ற வாரம் முதுகலை மாணவர் பதினெட்டுப் பேரைத் தாவரவியல் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் சென்றோம். பலர் பள்ளியில் கலைப்பிரிவு, நுண்ணோக்கியைத் தொட்டதில்லை. நாமும் தொட்டதில்லை. வெங்காயத்தின் உட்தோலை உரித்துச் சாயமிட்டு வைத்துக் கொடுத்தார் அந்தப் பேராசிரியர். செங்கல் அடுக்கியதுபோல் அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு புள்ளி. பாட்டியின் ஊசிக்காக வந்து நின்ற அதே மாணவி நெடுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு, “ஐயா, தினமும் நறுக்குகிறேன், இதைப் பார்த்ததேயில்லை” என்றாள்.

நமக்கும் சொல்ல அதுதான் இருந்தது. அடுத்த வாரம் தயிர் பார்ப்பதாகப் பேச்சு.